அவசரத் தொடர்புக்கு

கொல்லையில் நான்கு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் புடவையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டியிருந்தார்கள். உள்ளே தங்கம்மாளின் தலையில் எண்ணெயும் சீயக்காயும் வைத்து, முதல் குடம் தண்ணீரை ஊற்றப் போன நேரம் பார்த்து, மறைப்புக்குள்ளேயிருந்து போன் அடித்தது.

ஊற்ற வந்த கை அப்படியே நின்றது. வாசலில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நொடி நிறுத்தினார்கள். இத்தனை காலமும் இந்தப் போன் அடித்தால், அடுப்பில் பால் பொங்கினாலும் போட்டுவிட்டு ஓடி வருகிறவள் இன்றைக்குப் பலகையில் பேசாமல் கிடந்தாள். அவள் உடம்பிலிருந்து களைந்து போட்ட சேலைக் குவியலுக்குள் அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"டேய் இராஜாங்கம், இத மொதல்ல புடிடா," என்று உள்ளேயிருந்து தங்கம்மாளின் நாத்தனார் ரெங்கம்மாள் தன் தம்பிக்குச் சத்தம் போட்டாள். "செத்த பிறகும் அவள நிம்மதியா குளிக்க விட மாட்டேங்குறானுவ."

புடவைக்கு அடியில் ஓர் ஈரக் கை நீண்டது. அதில் சிவப்புச் சுருக்குப் பை. வெற்றிலை பாக்கு போடுகிறவர்கள் இடுப்பில் செருகுவார்களே, அந்த மாதிரிப் பை. தங்கம்மாளுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது. போனை வைத்துக்கொள்வதற்கென்றே தைத்து வாங்கியது.

மகள் செம்மொழி ஓடி வந்தாள். விடியற்காலையிலிருந்து அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன. "ஆஃப் பண்ணி வைங்கப்பா. இன்னிக்கு ஒரு நாளாவது அம்மாவ விடட்டும்."

அவரும் அதற்குத்தான் விரலைக் கொண்டுபோனார். ஆனால் வண்டி ரோட்டில் இருக்கிறது. வண்டி ரோட்டில் இருக்கும்போது இந்தப் போனை அணைத்து வைத்ததாகச் சரித்திரமே இல்லை. மகன் புகழேந்தி நேற்று ராத்திரி கடலூரில் ஆசிட் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குக் கிளம்பி, வழியில் படுத்து எழுந்தவன். அம்மா போய்விட்டாள் என்று செம்மொழி சொன்னபோது, "சரி, வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அவன் வந்துதான் கொள்ளி வைக்க வேண்டும்.

இராஜாங்கம் போனைக் காதில் வைத்தார். என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இந்த நம்பருக்கு அவர் கூப்பிட்ட தடவைக்குக் கணக்கே இல்லை. எடுத்துப் பேசியது ஒரு தடவைகூட இல்லை.

"ஹலோ, ஆசிட் வண்டிக்காரங்களா? போர்டுல நம்பர் பாத்துப் பேசுறேங்க," என்றது ஓர் ஆண் குரல். "பயப்படாதீங்க, வண்டிக்கு ஒண்ணுமில்ல. டிரைவர் தம்பிதான், வண்டிய ஓரங்கட்டிட்டு, பின் சக்கரத்துக்கிட்ட உக்காந்து அழுவுறாரு. என்னான்னு கேட்டா பதிலே இல்ல. அவசரம்னா கூப்பிடுன்னு இதுல எழுதியிருக்கு. இது அவசரமா இல்லையான்னு எனக்குத் தெரியல. இருந்தாலும் கூப்பிட்டுட்டேன்."

அழுவது தன் பிள்ளை என்று இராஜாங்கத்துக்குப் புரிந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"சொல்லுங்க, வண்டி எங்க நிக்குது?"

"வைத்தீஸ்வரன்கோயிலுக்கு இந்தாண்டங்க. என் டீக்கடைக்கு எதிர்ல."

"பக்கத்துல வாய்க்கா இருக்கா? தண்ணி ஓடுதா?"

"வாய்க்கா தள்ளி இருக்குங்க."

"அடியில ஏதும் சொட்டுதா? மூக்கு எரியுதா?"

"அதெல்லாம் இல்லீங்க."

கேள்விகள் அத்தனையும் தங்கம்மாளுடையவை. இருபது தடவை கேட்ட பாட்டு மாதிரி அவருக்குள் கிடந்திருக்கிறது, அவருக்கே தெரியாமல். கேட்டு முடித்தபிறகுதான் கொல்லைச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அவன் என் மவங்க. அவங்க அம்மா காலம்பற தவறிட்டா. நீங்க கூப்பிட்டிருக்கீங்களே, இந்த நம்பரு அவ நம்பருதான்."

எதிர்முனையில் அந்த மனிதர் தம் வழக்கப்படி மெதுவாக எதையோ ஓதினார். "நான் ஜாஃபர் சாதிக்குங்க. சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?"

"சாவிய வாங்கி வெச்சுக்குங்க. வண்டிய எடுக்கறேன்னா விடாதீங்க. நான் ஆள் அனுப்புறேன். அதுவரைக்கும் அவன்கூட இருங்க."

"தனியா விடமாட்டேங்க. அது என் பொறுப்பு," என்றார் ஜாஃபர் சாதிக்.

விஷயம் தெரிந்ததும் வாசலில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஒரு காரைப் பிடித்து வரச் சொல்லு என்றார் ஒருவர். பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும், வண்டியா பெரிது, பெற்றவளா பெரிது என்றார் இன்னொருவர். சும்மா நின்றுகொண்டு சொல்வதற்கு என்ன வந்தது? நிறைந்த ஆசிட் வண்டியை ஆளில்லாமல் ரோட்டோரம் விட்டுவிட்டு வரக்கூடாது என்பது சட்டம். சட்டம் கிடக்கட்டும், தங்கம்மாளே அதை ஒத்துக்கொள்ள மாட்டாள். அழுகிற கண்ணோடு அவன் ஓட்டி வருவதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். பிள்ளையும் வர வேண்டும், வண்டியும் பத்திரமாக இருக்க வேண்டும். இந்த மாதிரிச் சிக்கலையெல்லாம் அவிழ்க்கிறவள் அவள்தான். அவளிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்து போக முடியாத முதல் நாள் இது.

இராஜாங்கத்துக்கு மாயவரத்துக் குணசேகரன் நினைவு வந்தது. அவரிடமே வெகு காலம் வண்டி ஓட்டியவன். இப்போது வேறு முதலாளியிடம் இருக்கிறான். ஆபத்தான சரக்கு ஓட்டலாம் என்று லைசென்ஸில் முத்திரை வாங்கிய ஆள். தம் லைசென்ஸ் காலாவதியாகி எத்தனையோ நாளாயிற்று, இல்லாவிட்டால் அவரே போயிருப்பார். கையிலிருந்த போனிலிருந்தே குணசேகரனைக் கூப்பிட்டார்.

உடனே எடுத்துவிட்டான். "சொல்லுங்க அண்ணி. இப்ப ஒடம்பு எப்படி இருக்கு? மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

இராஜாங்கம் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"அண்ணி? கேக்குதா அண்ணி?"

"நான்தான்டா," என்றார் இராஜாங்கம். அதற்கு மேல் அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்த நம்பர் வண்டியில் ஏறியதே ஒரு கூத்து. இராஜாங்கம் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராகி, கடைசியில் ஒரு பழைய டேங்கரைச் சொந்தமாக வாங்கிய சமயம். தங்கம்மாள் அப்போது நடவுக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஆசிட் ஏற்றப் போன இடத்தில், போர்டு இல்லாத வண்டிக்குச் சரக்குத் தரமாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் பின்னாலும் போர்டு இருக்க வேண்டும். சரக்கின் பெயர், அதற்கு உலகம் முழுக்க ஒரே எண்ணாக 1789, தீயணைப்புக்காரர்களுக்குப் புரிகிற குறியீடு, சாய்சதுரத்துக்குள் ஒரு படம், எல்லாவற்றுக்கும் கீழே ராத்திரி பகல் எப்போது கூப்பிட்டாலும் ஆள் எடுக்கிற ஒரு போன் நம்பர். "உங்க ஆபீஸ் நம்பர் சொல்லுங்க" என்றார் பெயின்டர். ஆபீசுக்கு எங்கே போவது? ஓட்டு வீடு, அதில் வைத்துவிட்டுப் போவதற்கென்று அப்போதுதான் வாங்கியிருந்த ஒரு செல்போன். அந்த நம்பரைச் சொல்லிவிட்டார்.

புது போர்டைப் பார்க்கத் தங்கம்மாள் சேறு படிந்த காலோடு வயலிலிருந்து நேரே வந்தாள். சாய்சதுரத்தில் ஒரு கையின் மேல் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுகிற படம். கையை அரித்துவிடும் என்று எச்சரிக்கிற படம் அது.

"யாருக்கோ கை கழுவத் தண்ணி ஊத்துறாப்புல இருக்கு," என்று சிரித்தாள். பிறகு கீழே இருந்த எண்ணைக் காட்டி, "இது என்ன?" என்றாள்.

"நம்ம வீட்டு நம்பரு."

"நம்ம வீட்டு நம்பரா! எவனாவது கூப்பிட்டா நான் என்ன பேசறது?"

"எவன் கூப்பிடப் போறான்? சட்டத்துக்காக எழுதி வெக்கறதுதான்."

எவன் கூப்பிடப் போறான் என்று அவர் சொன்னதைத் தங்கம்மாள் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டினாள். ஊரெல்லாம் கூப்பிட்டது. பின் விளக்கு எரியவில்லை என்று கூப்பிட்டார்கள். உங்க டிரைவர் கண்மண் தெரியாமல் போகிறார் என்று கூப்பிட்டார்கள். ரயில்வே கேட்டில் நின்ற பஸ்ஸுக்குள்ளிருந்து, நம்பர் நிஜந்தானா என்று பார்க்கக் கல்லூரிப் பெண்கள் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவர்களையும் "பரீட்ச நல்லா எழுதுங்கடி" என்று வாழ்த்தி வைத்தாள். அதிராம்பட்டினத்துக் கடைக்காரர் ஒருவர், எப்போதோ வண்டியின் மட்கார்டு கழன்று தொங்கியதைச் சொல்லக் கூப்பிட்டவர், பெருநாளுக்குப் பெருநாள் கூப்பிட்டுப் பேசுகிற அளவுக்குப் பழகிப்போனார். இவளும் பொங்கலுக்குக் கூப்பிடுவாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே கிடையாது.

ஒரு தடவை திருத்துறைப்பூண்டி தாண்டி, வண்டியை நிறுத்திவிட்டு இராஜாங்கம் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் குழாய் வாயிலிருந்து ஆசிட் சொட்ட ஆரம்பித்துவிட்டது. வயலில் நின்ற யாரோ நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் முதலில் கேட்டது வண்டியைப் பற்றியில்லை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்றுதான். கிட்டப் போகாதீங்க, காற்று வருகிற பக்கம் நில்லுங்க, மேலே மதகை அடைங்க, வாய்க்காலில் தள்ளி நின்று மண் வெட்டிப் போடுங்க என்று வீட்டிலிருந்தே விரட்டியிருக்கிறாள். இராஜாங்கம் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தபோது வாய்க்கால் அடைபட்டு, ஊரே எட்ட நின்றுகொண்டிருந்தது. ஒருவர் போனை நீட்டி, "உங்க வீட்டம்மா" என்றார். பிறகு அவர் வாங்கிய வசவு அந்த ஊருக்கே கேட்டிருக்கும்.

"நாலு ஊரு நட்டு வெச்சிருக்கான், தெரியுமா? ஒரு சொட்டு போனாலும் நடவு போச்சு. சோறு கேக்குதா ஒங்களுக்கு சோறு!"

போர்டைப் பார்த்து நம்பர் போடுகிற வழக்கத்தையும் அவள்தான் கொண்டுவந்தாள். ஒரு மழைக்காலம் முழுக்கச் சேறு அடித்து அடித்து எழுத்துகள் மங்கிப்போய்விட்டன. சிதம்பரத்தில் வண்டியை நிறுத்திய போலீஸ்காரர், போர்டில் தெரிந்ததைத் தெரிந்தபடியே போட்டுப் பார்த்திருக்கிறார். அது கும்பகோணத்தில் யாரோ வாத்தியார் வீட்டுக்குப் போயிற்று. இராஜாங்கம் தலை குனிந்து வீட்டுக்கு வந்தார். அன்றையிலிருந்து சட்டம் போட்டாள். வண்டி கிளம்பும் முன்னால், யார் ஓட்டினாலும் சரி, போர்டுக்கு எதிரே போய் நின்று, அங்கே இருக்கிற எழுத்தைப் பார்த்துப் பார்த்து நம்பரைப் போட வேண்டும். மனசில் இருக்கிற நம்பரைப் போடக்கூடாது. இவள் எடுத்து, "வண்டி எங்க நிக்குது?" என்பாள். அவர் சொல்ல வேண்டும். "ம், சரியா இருக்கு. பாத்துப் போங்க" என்று வைத்துவிடுவாள்.

வீட்டு வாசலில் வண்டி நிற்கும். அவர் வண்டிக்குப் பின்னாலிருந்து கூப்பிடுவார். அவள் உள்ளேயிருந்து எடுத்து, எங்கே நிற்கிறது என்பாள். "ஒன் வாசல்லதான்டி நிக்குது" என்பார் அவர். அக்கம்பக்கத்தில் இதைக் கேலி பேசாதவர்கள் இல்லை. ஆனால் எங்கோ ராமநாதபுரம் பக்கத்துப் பொட்டலில் தனியாக நிற்கிற நேரங்களில், எந்தக் காரணமும் இல்லாமல் அவர் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அந்த நம்பரைப் பார்த்துப் பார்த்துப் போட்டிருக்கிறார். சரியா இருக்கு என்று அவள் சொல்வதைக் கேட்பதற்காகத்தான். அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும்.

புகழேந்தி வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. குணசேகரன் மோட்டார் சைக்கிளில் போய், ஜாஃபர் சாதிக்கிடம் சாவியை வாங்கி, இவனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தான். ஊருக்குள் கொண்டுவரவில்லை. வீடுகளுக்கும் வாய்க்காலுக்கும் எட்டத்தில், பழைய செங்கல் சூளை மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, புகழேந்தியை மட்டும் அனுப்பியிருந்தான்.

"அவன் வரல?" என்றார் இராஜாங்கம்.

"வண்டிய விட்டுட்டு எப்படி வர்றது, நீ போடான்னுட்டாருப்பா."

புகழேந்தி அம்மாவின் காலடியில் போய் உட்கார்ந்து, பாதத்தைப் பிடித்துக்கொண்டான். அழுகையெல்லாம் வைத்தீஸ்வரன்கோயிலிலேயே தீர்ந்திருக்க வேண்டும். சும்மா பிடித்துக்கொண்டிருந்தான். ரெங்கம்மாள் வந்து தோளைத் தொட்டு எழுப்பும்வரை விடவில்லை.

மொட்டையடித்து, ஈர வேட்டி கட்டி, வாய்க்கரிசி போட்டு, எல்லாம் வேக வேகமாக நடந்தன. பறை முன்னால் போக, தேர் முடிகொண்டான் ஆற்றங்கரைக்குப் போயிற்று. தெருமுனையோடு பெண்கள் நின்றுவிட்டார்கள். போகிற வழியில் வயல்களுக்கு அப்பால் சூளை மேடு தெரிந்தது. மேட்டில் வண்டியும், வண்டிக்குப் பக்கத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கைகட்டி நின்ற ஓர் ஆளும் தெரிந்தார்கள். இராஜாங்கத்தின் சட்டைப் பையில் சுருக்குப் பை கனத்தது. யாராவது கூப்பிட்டுவிடப் போகிறார்களே என்று வழியெல்லாம் பயந்தார். கூப்பிட்டால் எடுக்கத்தான் வேண்டும், தேருக்குப் பின்னால் நடக்கிறவனாக இருந்தாலும். நல்லவேளை, யாரும் கூப்பிடவில்லை.

சிதைக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்து, ஆற்றில் முழுகினார்கள். வீட்டுக்கு வந்ததும் பங்காளி வீட்டிலிருந்து வந்திருந்த சோற்றில் கொஞ்சத்தைத் தூக்குவாளியில் போடச் சொன்னார் இராஜாங்கம்.

"யாருக்குப்பா?" என்றாள் செம்மொழி.

"குணசேகரன் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டான். இருட்டறதுக்குள்ள அவன் வண்டிய எடுத்தாவணும். நாளைக்குச் சரக்கு எறக்கணும்."

மொட்டைத் தலையோடு புகழேந்தியும் கூட நடந்தான். கொள்ளி வைத்தவன் இனிக் காரியம் முடியும்வரை வண்டியைத் தொட முடியாது.

சூளை மேட்டில் வண்டி அந்தப் பக்கம் முகம் காட்டி நின்றது. கிட்டே போகப் போக இராஜாங்கத்தின் நடை தளர்ந்தது. வண்டியின் பின்புறத்திலிருந்து தங்கம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. ஊர்ப் பையன்கள் மதியமே அச்சடித்து வந்து தெருவெல்லாம் ஒட்டியிருந்தார்கள். செம்மொழியின் கல்யாணப் படத்திலிருந்து வெட்டியெடுத்த முகம். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, படம் எடுக்கிறவனிடம் ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி ஒரு சிரிப்பு. ஓரத்தில் யாருடைய தோளோ கொஞ்சம் வெட்டுப்பட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அது இராஜாங்கத்தின் தோள்தான். போர்டை மூலைக்கு மூலை மூடி ஒட்டியிருந்தார்கள். 1789 இல்லை, சாய்சதுரம் இல்லை, நம்பர் இல்லை. அத்தனைக்கும் மேலே அவள் முகம்.

குணசேகரன் ஓடி வந்தான். "நான்தான் ஒட்டச் சொன்னேன் அண்ணே. பசங்க இந்தப் பக்கமா போனானுவ. வண்டிய விட்டுட்டு வர முடியல, அண்ணி மொகத்தக் கடைசியா ஒரு தடவ பாக்க முடியல. அதான் ஒண்ணக் குடுங்கடான்னு கேட்டேன். டேங்க் உருண்டையா இருக்கா, எங்க வெச்சாலும் மடங்கிப் போவுது. இது ஒண்ணுதான் தட்டையா இருந்துச்சு."

இராஜாங்கத்துக்குக் கோபம் வரவில்லை. ஓர் ஆயுத பூசைக்கு இதே குணசேகரன் சந்தனத்தைக் குழைத்துப் போர்டு முழுக்க அப்பி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டும் வைத்து, கை கூப்பிக்கொண்டு நின்றான். தங்கம்மாள் வாளித் தண்ணீரோடு வந்து சாமி கும்பிடுகிற நேரத்தில் மடாரென்று அடித்து ஊற்றினாள். "சாமிக்குக் கண்ணு தெரியும்டா, ரோட்டுல போறவனுக்குத்தான் போர்டு" என்றாள். சந்தனத் தண்ணீர் வழிந்த முகத்தோடு இவன் நின்ற நிலையைப் பார்த்து அன்றைக்கு எல்லாரும் சிரித்தார்கள்.

அவர் தூக்குவாளியைக் கீழே வைத்தார். டேங்கர்களில் எப்போதும் இருக்கிற தண்ணீர் கேனைத் திறந்து, தோள் துண்டை நனைத்துக்கொண்டார்.

"அண்ணே, இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டுமே," என்றான் குணசேகரன். "நாளைக்கு எறக்கினதும் நானே எடுத்துர்றேன்."

"அந்தப் பக்கத்துலயும் இந்தப் பக்கத்துலயும்தான் போர்டு தெரியுதேப்பா," என்றான் புகழேந்தி. அவன் குரல் உடைந்திருந்தது. "விடுங்களேன்."

"பின்னாடி வர்றவனுக்கு?" என்றார் இராஜாங்கம்.

மேல் ஓரத்தை ஈரத் துண்டால் ஒற்றி ஒற்றி ஊறவைத்தார். மைதாப் பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. நகத்தால் மூலையைக் கிளப்பி, ஒரு விரல் அகலம், இரண்டு விரல் அகலம் என்று உரிக்கத் தொடங்கினார். நெற்றிக்கு வந்ததும் கை நின்றது. கிழித்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. புகழேந்தி வந்து கேனைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டான். குணசேகரன் கீழ்மூலையைப் பிடித்துக்கொண்டான். மூன்று பேரும் மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டு அவளை உரித்தெடுத்தார்கள்.

பாதி வந்தபோது புகழேந்தி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அப்பா, இந்த நம்பர அழிச்சிட்டு, சரக்குப் புக் பண்ற ஏஜென்சிக்காரங்க நம்பர எழுதிரலாம். அங்க ராவும் பகலும் ஷிப்ட் போட்டுப் போன் எடுக்கறாங்க. இனிமே வீட்டுல யாரு எடுக்கறது? எடுக்காத நம்பர எழுதி வெக்கக் கூடாதுன்னு அம்மாவே சொல்லும்."

இராஜாங்கம் நகத்தால் அடுத்த ஓரத்தைக் கிளப்பினார். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அவருக்குக் காது முன்னைப் போல இல்லை. ராத்திரித் தூக்கம் கெட்டால் மறுநாள் தலை சுற்றுகிறது. யாரோ முன்பின் தெரியாத ஆள் பதறிக்கொண்டு பேசினால் அவளைப் போலச் சமாளிக்க வருமா என்றும் தெரியவில்லை. காலையில் வந்தது, பதற்றத்தில் வந்தது. ஆனால் இந்த நம்பர் போய்விட்டால், வண்டி போகிற எந்த ரோட்டிலும் தங்கம்மாள் இருக்க மாட்டாள். இதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

சுவரொட்டி கிழியாமல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. ஈரத்தில் தொய்ந்து இரண்டு கையிலும் கிடந்தது. போர்டு கழுவிவிட்ட மாதிரிப் பளிச்சென்று தெரிந்தது. சொட்டுகிற கை, 1789, கீழே 'அவசரத் தொடர்புக்கு' என்று தங்கம்மாள் சண்டை போட்டுத் தமிழிலும் எழுத வைத்த வரி, அதன் கீழே நம்பர்.

குணசேகரன் நின்றபடியே நாலு வாய் சாப்பிட்டுக் கையைக் கழுவினான். டயரைத் தட்டிப் பார்த்தான், குழாய் வாயைக் குனிந்து பார்த்தான். பிறகு பழக்கத்தில், யாரும் சொல்லாமலே, தன் போனை எடுத்துக்கொண்டு பின்புறத்துக்கு வந்து, போர்டுக்கு எதிரே நின்றான். ஒவ்வோர் எண்ணாக நிமிர்ந்து பார்த்து, குனிந்து அழுத்தினான். பாதியில்தான் அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். விரல் நின்றது. ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டு, மிச்சத்தையும் பார்த்துப் பார்த்துப் போட்டான். திரும்பி யாரையும் பார்க்கவில்லை.

இராஜாங்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"குடுங்கப்பா, நான் புடிச்சுக்கறேன்," என்று புகழேந்தி சுவரொட்டிக்குக் கையை நீட்டினான். அவர் கொடுக்கவில்லை. தூங்குகிற பிள்ளையைத் தோள் மாற்றுவது போல அதை இடது தோளில் சாய்த்துக்கொண்டார். பசை சட்டையில் ஒட்டியது. வலக் கையால் சுருக்குப் பையை எடுத்து, பல்லால் கயிற்றை இழுத்து, போனை வெளியே எடுத்தார்.

"சொல்லுங்க, வண்டி எங்க நிக்குது?"

நான்கு முழம் தள்ளி நின்ற குணசேகரன், போர்டைப் பார்த்தபடியே போனில் சொன்னான். "ஊட்டுக்கிட்டதான் அண்ணே நிக்குது. கெளம்பப் போறேன்."

"ம், சரியா இருக்கு. பாத்துப் போங்க."

குணசேகரன் போனை வைத்துவிட்டு, மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினான். வண்டி மேட்டிலிருந்து மெதுவாக இறங்கி, திருவாரூர் ரோட்டில் திரும்பிப் போயிற்று. வெகு தூரம்வரை பின்னால் நம்பர் தெரிந்தது. அது மறைந்த பிறகும் இராஜாங்கம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு போனைச் சுருக்குப் பைக்குள் போட்டுக் கயிற்றை இழுத்தார். அதைச் சட்டைப் பையில் வைக்கப் போனவர், வேட்டியைத் தளர்த்தி, இடுப்பில் செருகிக்கொண்டார்.